நாற்பது வயதுக்கு மேல் ஆட்டிசம் என்று தெரியவந்தால் என்ன பயன்?

நிறையவே உண்டு. இது புதிதாக வந்த நோயல்ல. பிறவியிலிருந்தே உள்ள மூளை அமைப்பு. பிறகு ஏன் சிறுவயதிலேயே கண்டுபிடிக்கவில்லை? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசம் தனிப்பிரிவானதே 1980-இல்தான். சரளமாகப் பேசுவோருக்கும் பொருந்தும் ஆஸ்பெர்கர் என்ற வகை 1994-இல் சேர்ந்து, 2013-இல் 'ஆட்டிச நிறமாலை' (ஸ்பெக்ட்ரம்) என்ற ஒரே பரந்த பிரிவுக்குள் அடங்கியது. அதுவரை, ஆட்டிசம் இருந்தும் தெரியாமலே வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெயர் 'கூச்சம்', 'திமிர்'.

பலர், குறிப்பாகப் பெண்கள், பிறரைப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்: வலிந்து கண்ணைப் பார்ப்பது, சிரிக்கும் இடத்தில் சிரிப்பது. அந்த வேடம்தான் ஆளைக் கரைக்கிறது. (வீடு திரும்பியதும் இருட்டறையில் கிடப்பது சோம்பல் அல்ல.)

தெரிந்தபின் நிம்மதி வரும்; 'முன்பே தெரிந்திருந்தால்' என்ற துக்கமும் வரும். எனக்குத் துக்கம்தான் நீண்டது. என்னை நானே ஏற்கத் தொடங்கியது, இரைச்சலில் வெட்கப்படாமல் காதடைப்பான் போட்டுக்கொண்ட அன்று.