ஆப்பிரிக்காவோட டிஜிட்டல் சுதந்திரம்னா என்ன, ஏன் அதைக் கேக்கறாங்க?

ஒரு நாட்டு ஜனங்களோட பேச்சு, டேட்டா, சர்வர் எல்லாம் அவங்க கன்ட்ரோல்ல இருக்கணும், அதான் டிஜிட்டல் சுதந்திரம். 2021 ஜூன்ல நைஜீரியா அதிபர் புஹாரியோட ட்வீட்டையே ட்விட்டர் தூக்கிடுச்சு (உள்நாட்டுப் போரை ஞாபகப்படுத்தி மிரட்டுற மாதிரிதான் இருந்துச்சு, அது வேற கதை), உடனே அரசு ட்விட்டரையே தடை பண்ணி 7 மாசம் இழுத்துச்சு, நடுவுல இந்திய ஆப் கூ-ல வேற போய் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணாங்க. வாடகை வீட்டுல ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேக்கணும்ல, அதே மாதிரிதான். வீடு மாத்தினாங்களே தவிர சொந்த வீடு கட்டல. ஹௌசா, யோருபான்னு நைஜீரியா மொழிகள்ல எழுதறதுக்கு ரூல் போடறது அமெரிக்க கம்பெனி, கோவம் வராதா?

ஆனா ஆப்பை பிளாக் பண்றதுதான் சுதந்திரம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, அப்ப சாவி ஓனர்கிட்ட இருந்து மந்திரிகிட்ட போகுது, குடியிருக்கறவன் கைக்கு வரல.