கிணற்றடியில் இருக்கும் சாட்சிகள்

கேள்வி: எங்கள் வேதியியல் பேராசிரியை அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். 27 ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய்க் கிணற்று நீரைப் பரிசோதித்தவர். அதை ஊர்க்காரர்களுக்கே கற்றுக்கொடுத்தவர். பல்கலைக்கழகத்தின் சமூகப்பணி விருதுக்கு 40 பக்க விவரமும் ஒன்பது பேராசிரியர்களின் கடிதங்களும் அனுப்பினோம். ஊர்க்காரர்களுக்கு எழுத வராது என்பதால் அவர்களிடம் கேட்கவில்லை. ‘தாக்கம் தெரியவில்லை’ என்று குழு திருப்பிவிட்டது. மறுபடி அனுப்ப ஒரு மாதம் இருக்கிறது. அவர் அருமை குழுவுக்குப் புரியவில்லையா?
– முன்னாள் மாணவர், இந்நாள் உதவிப் பேராசிரியர்

பதில்: குழுவுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. ‘எழுத வராது என்பதால் கேட்கவில்லை’ என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். அவர் யாருக்காக 27 ஆண்டு அலைந்தாரோ அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, பக்கத்து அறைக்காரர்களிடம் சாட்சி வாங்கியிருக்கிறீர்கள். அந்த ஒன்பது பேரில் எத்தனை பேர் கிணற்றடியில் நின்றவர்கள்? எழுத வராதவர்களுக்கு உங்கள் ஆசிரியை பரிசோதனையே சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த உங்களுக்கு அவர்களிடம் நாலு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. ஆசிரியருக்குச் செய்யும் கடமை இதுவா?

ஏழு கடிதங்களைக் கழற்றுங்கள். களத்தில் உடன் நின்ற ஒருவர், வெளிப் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் இருக்கும் ஒருவர் போதும். மூன்று கடிதங்கள் ஊரிலிருந்து வரட்டும். நேரில் போய் உட்காருங்கள். ‘மேடம் எப்படி?’ என்றால் ‘தங்கமானவங்க’ என்பார்கள். அது ஒன்றுக்கும் உதவாது. முன்பு எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள், எந்த ஆண்டு மாற்றினீர்கள், இப்போது பரிசோதிப்பது யார், ரசாயனம் தீர்ந்தால் யார் வாங்குகிறார் என்று கேளுங்கள். அவர்கள் பேச்சிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். எழுதிக்கொடுத்தவர் பெயரும் தேதியும் கீழே வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டாம்; பரிந்துரைப்பவரே எழுதினால் சந்தேகம் வரும்.

முகாம் எத்தனை, வந்தவர் எத்தனை என்பது செய்த வேலைக்கான கணக்கு, தாக்கம் அல்ல. அவர் போவதை நிறுத்திய பிறகும் எந்த ஊரில் பரிசோதனை நடக்கிறது? அதை முதல் பக்கத்தில் வையுங்கள். 40 பக்கம் யார் படிப்பது? நான்காகக் குறையுங்கள். எது அவர் செய்தது, எது மாணவர்கள் செய்தது, எது ஊர் செய்தது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

அறிவைப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோவதும் புலமைப் பணியே என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990-லேயே சொல்லிவிட்டார். அதை எடைபோட சார்லஸ் கிளாசிக்கும் உடன் எழுதியவர்களும் 1997-ல் ஆறு அளவுகோல்கள் தந்தார்கள்: தெளிவான நோக்கம், போதிய தயாரிப்பு, பொருத்தமான முறை, குறிப்பிடத்தக்க விளைவு, எடுத்துச்சொன்ன விதம், தன் வேலையைத் தானே விமர்சித்தல். கடைசியைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். அவர் தோற்றுப்போன ஓர் ஊரையும், அதற்குப் பின் மாற்றிக்கொண்டதையும் எழுதுங்கள். குறையே இல்லாத விவரத்தைக் குழு நம்பாது.

இன்னொன்று. அவர் வீட்டாரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. 27 ஆண்டு விடுமுறை நாட்களை விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். பழைய களக் குறிப்பேடுகள் எந்தப் பரணில் கிடக்கின்றன என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.