முதல் ஸ்கேனில் தெரியாத ரத்தக்கட்டி

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. பினாங்கில் பிறையில் எங்களோடு இருக்கிறார். இன்ஃபுளூயன்சா காய்ச்சல் நிமோனியாவாகி, ஆறு நாளாக வார்டில் ஆக்சிஜனோடு படுத்திருக்கிறார். இரண்டாம் நாளே நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது ரத்தப் பரிசோதனையில் டி-டைமர் 2,400 வந்திருக்கிறதாம். நுரையீரலில் ரத்தம் கட்டியிருக்கலாம், மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அப்பா சர்க்கரை நோயாளி, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். “ஒரு ஸ்கேன்தான் எடுத்தாச்சே, கிட்னி போய்விடும்” என்று அண்ணன் கையெழுத்துப் போட மறுக்கிறார். முதல் ஸ்கேனை வைத்தே ரத்தக்கட்டி ஆபத்தைக் கணிக்க முடியாதா? அப்பாவோ தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பதில்: முதலில் கையெழுத்து விஷயம். தைப்பூசத்தைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு அப்பா தெளிவாக இருக்கிறார் என்றால், சம்மதம் சொல்ல வேண்டியவர் அவர்தான். அண்ணனுக்குப் புரிய வைப்பது நல்லது, ஆனால் அவருடைய பேனாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஸ்கேனும் ஒரே மெஷினில், ஒரே நெஞ்சைத்தானே எடுக்கின்றன? வித்தியாசம் இதுதான். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டி போடுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஐஸ் எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாது. அதிலேயே சிவப்பு சிராப் ஊற்றினால் ஐஸ் தனியாகப் பளிச்சென்று தெரியும். மருந்து ஏற்றாத சாதாரண சிடியில் ஓடுகிற ரத்தமும் உறைந்த ரத்தமும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். அயோடின் கலந்த மருந்தை முழங்கை நரம்பு வழியாக வேகமாக ஏற்றி, அது நுரையீரல் தமனிக்குப் போய்ச் சேரும் அந்தச் சில நொடிகளில் படம் எடுத்தால், ஓடுகிற ரத்தம் வெள்ளையாக ஒளிரும், கட்டி இருக்கும் இடம் கறுப்பாக நிற்கும். இதைத்தான் சிடிபிஏ என்கிறார்கள். மருந்து ஏற்றி எடுத்த சிடி எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது, நேரம் தப்பினால் படம் வீண். அப்பாவால் சில நொடி மூச்சை அடக்க முடியாது, இருமல் அடங்கவில்லை என்றால் ரேடியோகிராஃபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் முதல் ஸ்கேன் எதற்குப் பயன்பட்டது? நுரையீரலில் எவ்வளவு இடத்தை நிமோனியா பிடித்திருக்கிறது என்று சொல்ல. கோவிட் காலத்தில் இதற்கு ஒரு மதிப்பெண்ணே இருந்தது. வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு என்று நுரையீரலுக்கு ஐந்து மடல்கள். மடலுக்கு ஐந்து வீதம் மொத்தம் 25. எண் ஏற ஏற நோய் கடுமை. அதையே ரத்தக்கட்டி ஜோசியமாகவும் வாசித்துவிடலாம் என்ற ஆசை பலருக்கு வந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 20 மதிப்பெண் எடுத்தவருக்குக் கட்டியே இல்லாமல் இருக்கலாம், 6 எடுத்தவருக்குப் பெரிய குழாயே அடைத்திருக்கலாம்.

நான் அந்த ஸ்கேனை வேறு மாதிரி பயன்படுத்துவேன். நிமோனியாத் திட்டுகள் கொஞ்சம்தான், ஆனால் ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போகிறது, நாடி நூறுக்கு மேல் ஓடுகிறது, காய்ச்சல் இறங்கிய பிறகும் மூச்சு வாங்குகிறது என்றால் கணக்கு உதைக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேறு ஏதோ இருக்க வேண்டும், அது பல நேரம் கட்டிதான். சாதாரண ஸ்கேனிலும் சில ஜாடைகள் கிடைக்கும்: நுரையீரல் ஓரத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு திட்டு, பெருத்திருக்கும் நுரையீரல் தமனி, இடது அறையைவிட வீங்கிப் போன இதயத்தின் வலது அறை. இவை சந்தேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் இப்படி ஏதாவது குறித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வைரஸ் நிமோனியாவில் ரத்தம் ஏன் கட்டுகிறது? ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோவ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு அடித்தளம் போட்டுவிட்டார். அவர் பெயரில் இன்றும் மூன்று காரணங்களைப் படிக்கிறோம்: ரத்தம் தேங்குவது, குழாயின் உள்சுவர் கெடுவது, ரத்தமே உறையும் குணம் கூடுவது. உங்கள் அப்பா ஆறு நாளாகப் படுக்கையில், கிருமியால் குழாய்ச் சுவரில் அழற்சி, காய்ச்சலால் உறையும் புரதங்கள் கூடுதல். மூன்றுக்கும் இடம் இருக்கிறது. கட்டி காலில் உருவாகி மேலே போகலாம், நுரையீரலின் சிறு குழாய்களிலேயே உருவாகவும் செய்யலாம். இரண்டாவது வகையைக் கோவிட்தான் நமக்கு உரக்கச் சொல்லிக் கொடுத்தது. இன்ஃபுளூயன்சாவில் கோவிட் அளவுக்கு இல்லை, ஆனால் வராது என்று சொல்ல முடியாது.

இனி அந்த 2,400. உறைந்த ரத்தம் கரையும்போது மிச்சமாகும் துணுக்குதான் டி-டைமர். நிமோனியா, அறுவை சிகிச்சை, கர்ப்பம், புற்றுநோய், வெறும் முதுமை, எது வந்தாலும் இது ஏறும். வழக்கமான எல்லை 500. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம், அப்பாவுக்கு 660 ஆகிறது. லேப்புக்கு லேப் அலகு மாறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையின் பலம் குறைவாக வரும்போதுதான்: சந்தேகமும் குறைவு, டி-டைமரும் குறைவு என்றால் ஸ்கேன் இல்லாமலே நிம்மதியாக இருக்கலாம். வார்டில் படுத்திருக்கும் நிமோனியா நோயாளிக்கு ஏறியிருப்பதில் ஆச்சரியம் இல்லை. அதனால் நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது, “டி-டைமரைத் தவிர வேறு என்ன வைத்துச் சந்தேகப்படுகிறீர்கள்?” என்பதுதான். நாடி, ஆக்சிஜன், ஒரு கால் மட்டும் வீக்கம், சளியில் ரத்தம், முன்பு கட்டி வந்த வரலாறு என்று பதில் வந்தால் ஸ்கேனுக்குத் தயங்காதீர்கள். “எண் அதிகம், அதனால்தான்” என்று மட்டும் சொன்னால் இன்னும் கொஞ்சம் பேசுங்கள்.

கிட்னி பயம் உண்மையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்ட ஒன்று. ரத்தப் பரிசோதனையில், கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இ-ஜிஎஃப்ஆர் என்ற எண் இருக்கும். அது 30க்கு மேல் நிலையாக இருந்தால் இந்த மருந்தால் கிட்னி கெடும் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குக் கீழே போனால்தான் உண்மையான யோசனை. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி சோர்ந்தால் அந்த மாத்திரை உடம்பிலேயே தங்கி ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டலாம். அதனால்தான் தேவைப்பட்டால் நிறுத்தி வைத்து, 48 மணி நேரம் கழித்துக் கிட்னியைப் பார்த்துவிட்டு மறுபடி தருவார்கள். பினாங்கில் அடிக்கடி கேட்கிற இன்னொன்று: இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு இந்த மருந்து ஏற்றலாமா? ஏற்றலாம். முன்பு இதே ஸ்கேன் மருந்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால், தைராய்டு மிகையாகச் சுரந்தால் அவசியம் சொல்லுங்கள். ஏற்றும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதுபோல் இருக்கும். அப்பாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், பயந்துவிடப் போகிறார்.

கிட்னி இடம் கொடுக்கவில்லை என்றால் கால் ரத்தக் குழாய்களுக்கு டாப்ளர் என்ற ஒலியலை ஸ்கேன் பார்க்கலாம். காலில் கட்டி கிடைத்துவிட்டால் பெரும்பாலும் அதே சிகிச்சைதான்.

ரத்தம் உறையாமல் தடுக்க அப்பாவுக்கு வயிற்றில் ஊசி போடுகிறார்களா? ஈனாக்ஸாபரின் தினம் ஒருமுறை 40 மில்லிகிராம் என்றால் அது தடுப்பு அளவு. எடைக்குத் தக்கபடி, பெரும்பாலும் இரண்டு வேளை, போடுவது சிகிச்சை அளவு. சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சிகிச்சை அளவைத் தொடங்குவதும் உண்டு. 2021இல் கோவிட் நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் வார்டில் இருந்தவர்களுக்கு முழு அளவு உதவியது, ஐசியூவில் இருந்தவர்களுக்கு உதவவில்லை. அதை இன்ஃபுளூயன்சாவுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. கூடுதல் மருந்து என்றால் கூடுதல் ரத்தக்கசிவு. அப்புறம், இந்த ஊசி பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. அது மனதுக்கு ஒப்பவில்லை என்றால் ரசாயன முறையில் தயாராகும் ஃபோண்டாபரினக்ஸ் பொருந்துமா என்று கேட்கலாம்.

கட்டி இருப்பது உறுதியானால் குறைந்தது மூன்று மாதம் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்க வேண்டும். வார்ஃபரின் என்றால் முருங்கைக் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது. ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்றவற்றுக்குக் கீரைத் தொல்லை இல்லை. தெரிந்தவர் சொன்னார் என்று ஆஸ்பிரினோ நாட்டு மருந்தோ கூடவே கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு திடீர் மூச்சுத்திணறல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், மயக்கம், சளியில் ரத்தம் வந்தால் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றாமல் 999ஐ அழையுங்கள்.

தண்ணீர்மலையில் 500க்கு மேல் படி. கட்டி இல்லாவிட்டாலும் நிமோனியாவின் களைப்பு தீர ஆறு வாரமாவது ஆகும். கட்டி இருந்தால் இந்த வருடம் படி வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்வரை அலகு குத்துவது அறவே கூடாது, நேர்த்திக்கடன் என்றாலும் சரி. முருகன் காத்திருப்பார். தண்ணீர்ப் பந்தலில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடக்கச் சொல்லுங்கள்.