கேள்வி - பதில்: 478-வது போட்டியில் முதல் கோப்பை

கேள்வி: ரிச்சர்ட் பிளாண்ட் என்கிற இங்கிலாந்து கோல்ஃப் வீரர் 48 வயதில்தான் முதன்முதலாக ஐரோப்பிய டூர் என்கிற போட்டித் தொடரில் ஒரு பட்டம் ஜெயித்தாராமே? அதுவரை அவர் பிழைப்பு எப்படி ஓடியது?

பதில்: கோல்ஃபில் ஜெயித்தால்தான் காசு என்றில்லை. பெரும்பாலும் ஒரு போட்டி 4 நாள், 72 குழி, மொத்தத்தில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தான் பட்டம். முதல் 2 நாள் முடிந்ததும் 'கட்' என்று ஒரு கோடு கிழிப்பார்கள். அதற்கு வெளியே நிற்கிறவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். கையில் ஒன்றும் வராது. விமான டிக்கெட், ஓட்டல் அறை, பை சுமக்கிற கேடிக்குச் சம்பளம் எல்லாம் சொந்தப் பணம். கோட்டைத் தாண்டியவர்களுக்கு முடிக்கிற இடத்தைப் பொறுத்து பரிசுப்பணம் உண்டு, வருஷ முடிவில் பட்டியலில் போதுமான உயரத்தில் இருந்தால் அடுத்த வருஷம் ஆட 'டூர் கார்டு' கிடைக்கும், இல்லையென்றால் கியூ ஸ்கூல் என்கிற தகுதிச் சுற்றுக்கோ இரண்டாம் நிலை டூருக்கோ போய் மறுபடி முதலிலிருந்து.

டிவியில் முன்னால் ஓடுகிற நாலு பேரைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு 2-வது நாளான வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைப் பார்க்கத்தான் பிடிக்கும். கோட்டின் விளிம்பில் இருக்கிற ஒருவர், கடைசிக் குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனில், பந்தைக் குழிக்குள் உருட்டும் நாலடி தூரத்துப் 'பட்' அடி ஒன்றுக்காகக் குனிந்து பார்த்து, எழுந்து மறுபக்கம் போய்ப் பார்த்து, திரும்ப வந்து பந்தை அரை அங்குலம் திருப்பி வைப்பார். அந்த வார வரும்படி மொத்தமும் அந்த நாலடிக்குள் இருக்கிறது. பிளாண்ட் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தது இந்த இடத்தில்தான்.

கேள்வி: நாற்பதைத் தாண்டிய பிறகாவது விட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கலாமே?

பதில்: எத்தனையோ பேர் அவரிடமே கேட்டிருப்பார்கள். 1996-இல் தொழில்முறைக்கு வந்தவர். 2002 ஐரிஷ் ஓப்பனில் சமநிலையில் முடித்த 4 பேர் கூடுதல் குழிகளில் மோதிய பிளே ஆஃப் வரை வந்து தோற்றார். 2018-இல் கார்டும் போயிற்று. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா, 46 வயதில் இரண்டாம் நிலை டூரான சேலஞ்ச் டூருக்கு, அதாவது இருபத்து சொச்சம் வயசுப் பையன்கள் மேலே ஏறத் துடிக்கிற இடத்துக்கு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய் ஆடி, இழந்த கார்டை மீட்டுக்கொண்டு வந்தார். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வருஷம் 2019-தான். கோப்பை 2021 மே மாதம் பிரிட்டிஷ் மாஸ்டர்ஸில், தி பெல்ஃப்ரி மைதானத்தில் வந்தது, அது அவருக்கு 478-வது போட்டி. அந்த டூரில் அவ்வளவு வயதில் முதல் பட்டம் வென்றவர் அதற்கு முன் யாரும் இல்லை. ஜெயித்ததும் பேட்டியில் குரல் உடைந்து கண் கலங்கினார், பார்த்தவர்களுக்கும் தொண்டை அடைத்தது.

கேள்வி: பிளே ஆஃபில் எதிராளி கையருகில் இருந்த 'பட்' அடியைத் தவறவிட்டதால் கிடைத்த வெற்றிதானே அது? அதிர்ஷ்டம் என்று சொல்லலாமா?

பதில்: நான் சொல்லமாட்டேன். இத்தாலியின் குய்டோ மிலியோட்சி கிரீனில் பந்தைக் குழிக்குள் போட 3 பட் எடுத்தது உண்மை. ஆனால் அதற்கு முன், கடைசி நாளில் ஒரு போகி (குழிக்கு விதித்த அளவைவிட ஓர் அடி அதிகம்) கூட இல்லாமல் 66 அடித்து, 72-வது குழியில் தூரத்திலிருந்து பட் அடித்து இறக்கி பேர்டி (ஓர் அடி குறைவு) எடுத்தது யார்? எதிராளி சறுக்குகிற நேரத்தில் பக்கத்தில் நிற்பதற்கே அவ்வளவு நன்றாக ஆடியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் டாட் ஹாமில்டன் கதையும் இதே ஜாதி. ஜப்பானில் வருஷக்கணக்காக ஆடிவிட்டு, 38 வயதில் அமெரிக்காவின் முதல்நிலை டூரான பிஜிஏ டூரில் புதுமுகமாக நுழைந்தார். அதே 2004-இல் ராயல் ட்ரூன் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் எர்னி எல்ஸோடு 4 குழி பிளே ஆஃப். கடைசிக் குழியில் பந்து கிரீனுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் பந்தைத் தூக்கி அடிக்கப் பார்க்கும் இடத்தில் ஹாமில்டன் தூரத்து அடிக்கான ஹைப்ரிட் கிளப்பை எடுத்து, பட் அடிக்கிற மாதிரி மெல்லத் தட்டினார். பந்து உருண்டு உருண்டு குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்தத் துணிவு ஒரே நாளில் வந்துவிடாது, எத்தனையோ மைதானங்களில் அலைந்த கைக்குத்தான் வரும்.

கேள்வி: அதற்கப்புறம் பிளாண்ட் என்ன ஆனார்?

பதில்: அடுத்த மாதமே டோரி பைன்ஸில் யுஎஸ் ஓப்பன். 2 நாள் முடிவில் ரஸ்ஸல் ஹென்லியோடு சேர்ந்து முதலிடத்தில் இருந்தார். வார இறுதியில் 77, 78 என்று சரிந்துவிட்டது, எனக்கே வருத்தமாக இருந்தது. சரி, அதோடு முடிந்தது என்று நினைத்தால், 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடும் பெரிய போட்டிகளான சீனியர் மேஜர்களுக்கு 2024-இல் வந்தார். தான் ஆடிய முதல் சீனியர் மேஜரான சீனியர் பிஜிஏவில், கடைசி நாள் 63 அடித்து கோப்பை. இரண்டாவது, யுஎஸ் சீனியர் ஓப்பன்: மழையால் ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய், ஜப்பானின் ஹிரோயுகி ஃபுஜிடாவோடு பிளே ஆஃபில் 4 குழி கூடுதலாக ஆடி, அதையும் எடுத்துக்கொண்டு போனார்.