முதலிடம் யாருக்கு?

கேள்வி: கல்லூரிகள் மோதும் அமெரிக்கன் ஃபுட்பாலில், பெரும்பாலும் தென் மாநிலப் பல்கலைக்கழக அணிகள் ஆடும் எஸ்.இ.சி. பிரிவின் தலைமைப் பயிற்சியாளர்களை எப்படி வரிசைப்படுத்துவீர்கள்?

பதில்: முதலிடம் கிர்பி ஸ்மார்ட்டுக்கு. 2021, 2022 என அடுத்தடுத்து ஜார்ஜியா பல்கலைக்கழக அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் என் மனம் நிற்பது நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் கிளார்க் லீயிடம். 2023இல் 12 ஆட்டங்களில் 10 தோல்வி. அப்புறம் நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) டியேகோ பாவியா வந்தார். 2024 அக்டோபரில், தேசியத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தினார்கள்! கடைசி நிமிடங்களை நின்றுகொண்டே பார்த்தேன். ரசிகர்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்கள் வழியாகத் தூக்கிப்போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். சிறந்த வீரர்கள் ஜார்ஜியாவைத் தேடி வருவார்கள். கிளார்க் லீக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் அவருக்கு இரண்டாமிடம் தருகிறேன்.