நோய்ச் செய்தியும் பயணத் திட்டமும்

கேள்வி: அடுத்த மாதம் நாங்கள் குடும்பத்துடன் செல்லவிருக்கும் நாட்டுக்கு அண்டை நாட்டில் தொற்றுநோய் பரவுவதாகச் செய்தி வந்துள்ளது. உறவினர்கள் பயணத்தை ரத்து செய்யச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அண்டை நாடு என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 2014-இல் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் எபோலா பரவியபோது, நோய் எட்டியே பார்க்காத கென்யா, தான்சானியா நாடுகளின் வனவிலங்குச் சுற்றுலாவுக்குச் செய்திருந்த முன்பதிவுகளையும் பலர் ரத்து செய்தார்கள். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவுக்குக் கென்யத் தலைநகர் நைரோபியைவிட ஸ்பெயினின் மாட்ரிட் நகரமே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நெருக்கமானது. அந்த அக்டோபரில் மாட்ரிட் மருத்துவமனைப் பணியாளர் ஒருவருக்கு எபோலா தொற்றவும் செய்தது. ஆப்பிரிக்கா என்ற ஒற்றைப் பெயரைக் கேட்டே மக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் நோயுடன் எந்தத் தொடர்பும் இல்லாத வழிகாட்டிகளும் விடுதிப் பணியாளர்களும்தாம்.

நோய் எந்த ஊரில், எந்த வழியாகப் பரவுகிறது என்று கேளுங்கள். எபோலா, நோயாளியின் உடல் திரவங்கள் படுவதால் தொற்றுவது. சாதாரணச் சுற்றுலாப் பயணிக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. மூச்சுவழித் தொற்று அப்படியன்று. 2003-இல் ஹாங்காங் விடுதி ஒன்றின் ஒரே தளத்திலிருந்து சார்ஸ் நோய் சிங்கப்பூர், ஹனோய், டொராண்டோ வரை சென்றது. கொசுவால் பரவும் ஸிகா, பெரும்பாலோருக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும். கருவிலிருக்கும் குழந்தைக்கோ கடும் பாதிப்பை உண்டாக்கக்கூடும். ஆகவே உங்கள் குடும்பத்தில் கர்ப்பிணியோ, முதியவரோ, நெடுநாள் நோயாளியோ இருந்தால், அவரைப் பொறுத்து முடிவு மாறலாம், மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: போவதென்றே முடிவெடுத்தால்?

பதில்: பயணக் காப்பீட்டை இன்றே படித்துப் பாருங்கள். நோய் பற்றிய அறிவிப்பு வந்த பிறகு எடுத்த காப்பீட்டில், அதே காரணத்துக்காகப் பயணத்தை ரத்து செய்தால் பணம் கிடைக்காமல் போகலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடென்றால் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் சான்றிதழ் அதற்குப் பிறகே செல்லுபடியாகும். முகக்கவசம், கை கழுவுதல் எல்லாம் நீங்கள் அறிந்தவையே. பலரும் மறப்பது, திரும்பி வந்த பிறகு கவனிக்க வேண்டியதைத்தான்: மலேரியா சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்தும் தலைகாட்டும் என்பதால், காய்ச்சல் வந்தால் எந்தெந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.