ஊர்ச் சுகாதாரத்துக்கு அரசாங்கக் காசு: வாசகர் கேள்விகள்

கேள்வி: டெங்குப் புகையடிக்கும் இயந்திரம் ஒன்று வேண்டுமென்று எங்கள் சனசமூக நிலையம் இரண்டு வருடமாகக் கடிதம் எழுதுகிறது. பிரதேச சபையில் கேட்டால் சுகாதாரப் பணிமனையைக் காட்டுகிறார்கள். அங்கே போனால் மாகாணத்துக்கு எழுதச் சொல்கிறார்கள். காசு யாரிடம்தான் இருக்கிறது?
(செயலாளர், வலிகாமம்)

மூன்று இடத்திலும் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே காசு அல்ல.

1987இன் 13ஆவது திருத்தத்தோடு பொதுச் சுகாதாரம் மாகாண சபைப் பட்டியலுக்குள் போனது. அதனால் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் அங்குள்ள பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), குடும்பநல உத்தியோகத்தர்களும் மாகாண நிர்வாகத்தின் கீழ் வருகிறார்கள். யாழ். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சுக்கு உரியது. ஆகவே ஊர் டெங்கு வேலைக்குப் பெரியாஸ்பத்திரிப் பணிப்பாளருக்குப் பிரதி போடுவதால் ஒன்றும் ஆகாது.

மாகாணத்துக்கு எவ்வளவு தேவை என்று நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்யும், திறைசேரி விடுவிக்கும். அது இரண்டு பைகளில் வருகிறது. சம்பளம், எரிபொருள், மின்சாரம் போன்ற மீண்டெழும் செலவுக்குத் தொகுதிக் கொடை. கட்டடம், உபகரணம் போன்ற மூலதனச் செலவுக்கு மாகாணத்துக்கெனக் குறித்தொதுக்கும் அபிவிருத்தி நன்கொடை (அலுவலகங்களில் ‘பி.எஸ்.டி.ஜி.’ என்றே சொல்வார்கள்). பிரதேச சபையின் பை வேறு. சோலைவரி, கடை வாடகை, உரிமக் கட்டணம், சபைக்கு வந்துசேரும் முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம் எல்லாம் அதில் சேரும். குப்பை அகற்றல், வாய்க்கால் துப்புரவு, பொதுக்கிணறு, சந்தைச் சுத்தம் அதிலிருந்துதான் நடக்கும்.

புகை இயந்திரம் எங்கே சிக்குகிறது என்று இப்போது பாருங்கள். இயந்திரம் மூலதனச் செலவு. அதற்கு ஊற்றும் டீசலும் மருந்தும், அதைத் தூக்கித் திரிபவரின் கூலியும் மீண்டெழும் செலவு. மூலதனப் பையிலிருந்து இயந்திரம் கிடைத்தாலும் மீண்டெழும் செலவுப் பையில் இடமில்லாவிட்டால் அது மூலையில் கிடந்து கறள் பிடிக்கும். கோப்பைப் பார்க்கும் கணக்காளருக்கு இது தெரியும், அதனால்தான் கடிதம் சுற்றிச் சுற்றி வருகிறது.

அதைவிட, அந்த இயந்திரம் உங்கள் நிலையத்துக்குத் தேவையில்லை என்பதே எங்கள் அபிப்பிராயம். புகை அந்த நேரம் பறக்கும் நுளம்பை மட்டும் கொல்லும். தொட்டியிலும் பீலியிலும் நெளியும் குடம்பிக்கு அதனால் ஒன்றுமில்லை. நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி எப்போது அடிப்பது என்பதைச் சுகாதாரப் பணிமனை தீர்மானிக்கும், மருந்தும் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் பிரதேச சபையிடம் கேட்க வேண்டியது ஐப்பசி மழைக்கு முன்னரும் கார்த்திகையிலும் குப்பை உழவு இயந்திரம் உங்கள் வட்டாரத்துக்கு வரும் நாட்கள். பழைய ரயர், சிரட்டை, உடைந்த பிளாஸ்ரிக் வாளி ஆகியவற்றை ஏற்றிப் போக ஆள் இல்லாவிட்டால் சிரமதானத்தில் சேர்த்த குவியலே அடுத்த மழைக்கு நுளம்புப் பண்ணையாகிவிடும்.

கேள்வி: எந்த மாதத்தில் விண்ணப்பித்தால் பலன் உண்டு?
(வாசகி, தென்மராட்சி)

அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. ஜனவரியில் “இந்த வருடம் ஏதாவது செய்து தாருங்கள்” என்று எழுதுபவர், பந்தி முடிந்தபின் இலை போடுகிறவர். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளை ஆடி, ஆவணியிலேயே திணைக்களங்கள் தயாரிக்கத் தொடங்கிவிடும். உங்கள் கோரிக்கை வைகாசி, ஆனிக்குள் சுகாதார வைத்திய அதிகாரியின் மேசைக்குப் போய்விட வேண்டும். அவர் தன் பிரிவின் திட்டத்தில் சேர்த்துப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு அனுப்புவார், அங்கிருந்து அது மாகாணத்துக்குப் போகும்.

பிரதேச சபைக்கு வேறு நாட்காட்டி. அதன் பாதீடு ஆண்டு முடிவதற்குள் நிறைவேற வேண்டும், ஆகவே புரட்டாதி, ஐப்பசியில் உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதன் பிறகு மாகாண மட்டத்தில் அதிகாரிகளோடுதான் பேச்சு. உள்ளூராட்சி சபைகளில் 2025 மே 6 தேர்தலுக்குப் பின் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், உங்கள் ஊருக்கென்று ஒரு வரி எழுதுவிக்க அவர்களால் முடியும்.

கார்த்திகையில் ஒரு சிறு வாய்ப்பு உண்டு. ஆண்டுக்குள் செலவழிக்காத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். மதிப்பீடு, இடம், அனுமதி எல்லாம் தயாராக உள்ள சின்ன வேலைக்கு அந்த மிச்சம் சில வேளை கை கொடுக்கும். தயாராக இல்லாதவருக்கு அது கிட்டாது.

கேள்வி: வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் குறிச்சியில் 60 கிணறுகளுக்குக் குளோரின் போட நிதி கேட்க விரும்புகிறோம். மதிப்பீடு எப்படிப் போடுவது?
(மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், வடமராட்சி)

நல்ல கேள்வி, கணக்கோடு சொல்கிறோம்.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீரின் ஆழத்தை அளவுங்கள். வட்டக் கிணற்றுக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் பிரித்து, நீரின் ஆழத்தால் பெருக்கினால் கன மீற்றர் வரும். விட்டம் 3 மீற்றர், நீர் 4 மீற்றர் என்றால் 28.26 கன மீற்றர், அதாவது ஏறக்குறைய 28,260 லீற்றர். நல்ல தரமான வெளிற்றும் தூள் (குளோரின் தூள்) 1,000 லீற்றருக்கு 2.5 கிராம். இந்தக் கிணற்றுக்கு 71 கிராம் போதும். 60 கிணறுகளுக்கு ஒரு சுற்றுக்கு 4.3 கிலோ, வாரம் ஒன்றாக நான்கு சுற்றுக்கு 17 கிலோ. கலங்கல் தண்ணீர் குளோரினைக் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் 25 கிலோ என்று எழுதுங்கள். சேறு புகுந்த கிணற்றை முதலில் இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குரிய அளவு வேறு, அதைப் பி.எச்.ஐ. பார்த்துச் சொல்வார்.

இந்த 25 கிலோவுக்குக் காசு கேட்காதீர்கள், பொருளாகவே கேளுங்கள். வெள்ளக் காலத்தில் குளோரின் தூள் சுகாதாரப் பணிமனை ஊடாக வருவதுதான் வழக்கம், செலவில் அது பெரிய பங்கும் அல்ல. காசு வேண்டியது இறைக்கும் பம்பியின் எரிபொருளுக்கும், மீதிக் குளோரின் பார்க்கும் சோதனைப் பெட்டிக்கும். பல விண்ணப்பங்களில் இந்தப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். தூள் போட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மீதிக் குளோரின் நிற்கிறதா என்று பார்க்காவிட்டால் போட்ட தூள் வேலை செய்ததா என்று யாருக்கும் தெரியாது. திறந்து வைத்த பையில் தூளின் வீரியம் போய்விடும். போன மாரியில் மிஞ்சியதை இந்த மாரியில் போட்டுவிட்டுக் கிணறு சுத்தம் என்று எழுதினால் அது காகிதத்தில் மட்டும் சுத்தம்.

போடும் முறை: தூளை வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் அடைய விடுங்கள். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, நீருக்கடியில் மேலும் கீழுமாக ஆட்டுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது, சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீரின் கடினம் நமக்கு ஏற்கெனவே போதும். இரவு கடைசியாக அள்ளிய பிறகு போடுவது வசதி.

ஒன்று கவனம். குளோரின் கிருமியைத்தான் கொல்லும், நைத்திரேற்றை அகற்றாது. தோட்டக் காணிக்கு அருகில் உள்ள கிணறுகளில் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று ஊறும். இலங்கைக் குடிநீர்த் தரத்தில் அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் அது குறையாது, தண்ணீர் வற்றுவதால் கூடவே செய்யும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கே இதனால் ஆபத்து அதிகம், ஆகவே அப்படிக் குழந்தை உள்ள வீடுகளின் பெயர்ப் பட்டியலைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுத்து, அந்தக் கிணறுகளின் நீரை முதலில் சோதிக்கச் செலவு கேளுங்கள். 60 கிணற்றையும் சோதிக்கக் கேட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: தாய்சேய் கிளினிக் கட்ட ஒருவர் இரண்டு பரப்புக் காணி தருகிறார். பணிமனை இரண்டு முறை கோப்பைத் திருப்பிவிட்டது. ஏன்?
(வாசகர், தீவகம்)

காணி அவர் பெயரில் இருக்கும்வரை அரசாங்கக் காசில் ஒரு கல்லும் வைக்க மாட்டார்கள். “தருகிறேன்” என்ற கடிதம் போதாது. நொத்தாரிசு முன்னிலையில் நன்கொடை உறுதி முடித்து, காணிப் பதிவகத்தில் பதிந்து, நில அளவைப் படத்தோடு கொடுக்க வேண்டும். உறுதி சனசமூக நிலையத்தின் பெயரில் போனாலும் சிக்கல், உரிய அரச நிறுவனத்தின் பெயரிலேயே எழுதுங்கள். எந்தப் பெயரில் என்பதைப் பிராந்தியப் பணிமனையிடம் எழுத்தில் கேட்டுவிட்டு நொத்தாரிசிடம் போங்கள். பங்காளிகள் பலர் உள்ள காணியானால் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அவர்களில் இருவர் கனடாவில் இருந்தால் அற்றோனித் தத்துவத்துக்கே மாதங்கள் ஓடும்.

அடுத்தது ஆள். கிளினிக் மாதத்தில் எத்தனை நாள் நடக்கும், எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை பிள்ளைகள் வருவார்கள், இப்போது அவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள்? இந்த நான்கு எண்ணும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் இருக்கின்றன. அவை இல்லாத கோப்பு முதல் மேசையைத் தாண்டாது. பெரும்பாலும் புதுக் கட்டடத்தை விட, வாசிகசாலை மண்டபத்தில் திரைச்சீலை, பரிசோதனைக் கட்டில், கைகழுவும் தொட்டி, திரிபோஷா வைக்க எலி புகாத அலுமாரி என்று கேட்பது விரைவில் நடக்கும்.

கேள்வி: சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே காசு வருமா?
(வாசகர், காரைநகர்)

விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறு கட்டுமானங்களைப் பதிவு பெற்ற சங்கத்துக்குச் சமுதாய ஒப்பந்தமாகக் கொடுப்பதுண்டு. அப்போதும் வேலை முடிந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்த பிறகே செலவுப் பட்டியலுக்குப் பணம் வரும். கைமுதல் இல்லாத சங்கம் சீமெந்துக் கடைக்குக் கடனாளியாகும். பதிவு புதுப்பித்த கடிதம், கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, கணக்காய்வு செய்த கணக்கு மூன்றும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வாய்க்காலுக்கு ஒதுக்கியதாகச் சொன்ன பணம் என்னவானது என்று எப்படி அறிவது?
(வாசகி, யாழ். நகர்)

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். “பணம் எங்கே?” என்று எழுதினால் வழவழாப் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இன்ன ஆண்டில் இன்ன வீதி வாய்க்காலுக்கு ஒதுக்கிய தொகை, எந்த நிதியிலிருந்து, விடுவித்த திகதி, ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த தொகை, அளவீட்டுப் பத்திரத்தின் பிரதி. கடைசியாக உள்ள அந்தப் பிரதிதான் முக்கியம். எத்தனை மீற்றர் வாய்க்கால் வெட்டியதாக எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அளவு நாடாவோடு வீதிக்கு இறங்கலாம்.